ஒரு மாதத்தில் அரிசியில் வண்டு வந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

25 கிலோ மூட்டை வாங்கும் எல்லா வீட்டிலும் வரும் கவலைதான் இது. வண்டு பெரும்பாலும் அரிசியோடுதான் வருகிறது. தாய் வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். கழுவும்போது மிதக்கும் மணியைப் பிளந்து பாருங்கள், சிலவற்றில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். நம்மூர் வெப்பத்தில் முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது வண்டாகிவிடும். வேப்பிலையும் வற்றல் மிளகாயும் உள்ளே இருப்பதைக் கொல்லாது.

மூட்டை வந்ததும் 2 கிலோ பைகளாகக் கட்டி, முறைவைத்து 4 நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், குளிர் விடட்டும். இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்புறம் காய்ந்த எவர்சில்வர் டிரம்மில் கொட்டி இறுக மூடுங்கள். பழைய அரிசி மேல் புதியதைக் கொட்டவே கூடாது. பருப்பை வெயிலில் காயவைக்கலாம்; அரிசி கடும் வெயிலில் வெடித்துக் குருணையாகிவிடும்.