உடைந்த ஆர்எக்ஸ்-8 வாங்கினேன், விற்றவர் இப்போது திருப்பிக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

கேள்வி: பரந்தனில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதியோர மரத்தில் மோதி முன்பக்கம் நொறுங்கிப்போன மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்றை, வவுனியாவைச் சேர்ந்த ஒருவரிடம் 14 இலட்சத்துக்கு வாங்கினேன். ஓப்பின் பேப்பர்தான், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு கைமாறிய விற்பனை. உரிமை மாற்றுகிற எம்டீஏ 6 படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார், சீஆர் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) புத்தகத்தின் போட்டோப் பிரதியும் தந்தார். மூலப்பிரதி லீசிங் கொம்பனியில் இருக்கிறது, மூன்று தவணைதான் பாக்கி, கட்டி எடுத்துத் தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை. கார் உருவெடுப்பதைப் பார்த்துவிட்டு இப்போது, இன்னும் 5 இலட்சம் தா, இல்லாவிட்டால் பொலிசோடு வந்து காரைத் தூக்குவேன் என்கிறார். தூக்க முடியுமா? கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு முன் ஹாஃப் கட் (இன்னொரு காரிலிருந்து வெட்டியெடுத்த முன்பாதி) பார்த்து வைத்திருக்கிறேன். ரோட்டரி என்ஜினைச் செய்யக் காசு போதாது, வேறு என்ஜின் போடலாமா? ஏ9இல் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்:

தம்பி, வெல்டிங்கை இன்றைக்கே நிறுத்துங்கள். காரில் இனி ஒரு ரூபாய் போடுவதற்கு முன்னால் பேப்பர்களைச் சரிக்கட்ட வேண்டும்.

விற்றவரோடு உள்ள பிரச்சினையில் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. விலை பேசினீர்கள், காசு கொடுத்தீர்கள், கார் உங்கள் கைக்கு வந்துவிட்டது. இலங்கையின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. எழுத்தில் ஒழுங்கான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் காசு கைமாறியிருந்தால், அல்லது பொருளை ஏற்று எடுத்திருந்தால், அந்தப் பேச்சை நீதிமன்றத்தில் வலியுறுத்தலாம் என்று அது சொல்கிறது. பேசிய விலைக்கு மேல் ஒரு சதம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. கார் அழகாக வருகிறது என்பதற்காக விலை ஏறாது. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி அடைபட்டுக் கிடந்தபோது பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது, அந்த ஆசை இன்னும் சிலரை விடவில்லை. பொலிசோடு வருவேன் என்பதும் வெறும் மிரட்டல்தான். இது காசுத் தகராறு, பொலிஸ் தீர்த்து வைக்கிற விடயமில்லை. உங்கள் கராஜுக்குள் வந்து பலவந்தமாக எடுத்தால் முறைப்பாடு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

ஆனால் உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த மனிதரிடமிருந்து வரப்போவதில்லை. சீஆர் பிரதியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கும். அது இருக்கும்வரைக்கும் காரின் சொந்தக்காரர் அந்தக் கொம்பனி. தவணை கட்டுகிறவர் பாவிக்கிறவர் மட்டுமே. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, ஆகவே உங்கள் விற்பனை உங்கள் இருவருக்கும் இடையில் செல்லும், கொம்பனிக்கு எதிரே செல்லாது. கையெழுத்து மட்டும் இருக்கிற எம்டீஏ 6ஐக் கொண்டு போனாலும் கொம்பனியின் சம்மதமில்லாமல் உங்கள் பெயருக்கு மாற்ற மாட்டார்கள். மூன்று தவணை பாக்கி என்பதும் அவர் வாய்ச்சொல். பிந்திய கட்டணம், வட்டி என்று சேர்ந்து அது எத்தனையாக நிற்கிறதோ!

கொம்பனி வந்து கேட்டால், திருத்தச் செலவையாவது தாருங்கள் என்று கேட்க இடமுண்டா? உண்டு. நம்முடைய பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில், நல்லெண்ணத்தோடு ஒரு பொருளை வைத்திருந்து பயனுள்ள செலவு செய்தவர் அதைக் கேட்கலாம். ஆனால் லீசிங் இருக்கிறது என்று உங்களுக்கு முதல்நாளே தெரியும். அங்கே உங்கள் நல்லெண்ணம் கொஞ்சம் நொண்டும். அதனால்தான் நிறுத்தச் சொன்னேன். பில்கள் எல்லாவற்றையும், கையால் எழுதிய துண்டுகள் உட்பட, திகதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

இன்னும் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். காப்புறுதிக் கொம்பனி இந்தக் காரை முழுச் சேதம் என்று கணித்து அவருக்குக் காசு கொடுத்திருந்தால், வழக்கமாக உடைந்த கார் காப்புறுதிக்காரருக்குப் போய்விடும். அப்படியென்றால் அவர் காசையும் வாங்கி, காரையும் உங்களிடம் விற்றிருக்கிறார், அது மோசடிக் கணக்கு. எந்தக் கொம்பனி, என்ன கிளெய்ம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மற்றது, அந்த விபத்தில் யாருக்காவது காயமா? வழக்கு நடந்தால் வாகனம் சான்றுப்பொருள். நீதவான் நீதிமன்றம் அதைப் பதிவு உரிமையாளரிடம் பிணைமுறியில் விடும்போது, விற்கக் கூடாது, உருவம் மாற்றக் கூடாது என்று நிபந்தனை போடுவது வழக்கம். நீங்கள் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பது நீதிமன்றத்துக்குத் திரும்பக் காட்ட வேண்டிய காராக இருக்கலாம். விபத்து பதிவான பொலிஸ் நிலையத்தில் போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இந்த இரண்டிலும் சிக்கல் இல்லை என்றால் வழி லேசு. விற்றவரையும் கூட்டிக்கொண்டு லீசிங் கொம்பனிக்குப் போய் முடிவுத் தொகை எவ்வளவு என்று கடிதம் எடுங்கள். அதை நீங்களே கொம்பனிக்கு நேரடியாகக் கட்டுங்கள், அவர் கையில் கொடுக்க வேண்டாம். கட்டிய தொகை அவர் உங்களுக்குத் தர வேண்டிய கடன் என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொம்பனி உரிமையை விடுவிக்கும் கடிதம், சீஆர் மூலப்பிரதி, திகதி போட்ட எம்டீஏ 6, புதிய உரிமையாளராக நீங்கள் நிரப்பும் எம்டீஏ 8 படிவம் எல்லாம் ஒன்றாக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகட்டும். அவர் வர மறுத்தால் சட்டத்தரணி ஒருவர் மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். எழுத்தில் இருக்கிற வாக்குறுதிக்கு வழக்குப் போட 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்தான். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

சரி, ஹாஃப் கட். நீங்கள் கேட்டதில் எனக்கு ஆகப் பயம் தருவது இதுதான். உங்கள் காரின் சேசிஸ் எண் எஸ்ஈ3பீ என்று தொடங்கும், அந்த எண்தான் சட்டத்தின் கண்ணில் உங்கள் கார். மலிவாகக் கிடைக்கிறது என்று இன்னொரு காரின் முன்பாதியை அப்படியே வெட்டி ஒட்டி, அதில் வேறு எண் இருந்தாலோ, பழைய எண் வெட்டுப்பட்டுப் போனாலோ, பரிசோதகர் முன்னால் நீங்கள் உதிரிப்பாகங்களில் கார் கட்டிய ஆளாகத்தான் நிற்பீர்கள். அப்படிக் கட்டிய வாகனங்கள் பறிமுதலான கதைகள் உங்களுக்கும் தெரியும். எண் உள்ள தகட்டைத் தொடாதீர்கள், மற்றைய காரின் எண்ணைக் கொண்டுவந்து ஒட்டவும் வேண்டாம். பம்பர், பொனட், ரேடியேட்டர், லைட், மட்காட் போன்றவற்றை கழற்றிப் பூட்டுங்கள், அதில் வில்லங்கமில்லை. தொடங்குமுன் எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

என்ஜின் மாற்றலாம், ஆனால் சொல்லாமல் மாற்றக் கூடாது. இந்தக் காரில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழல்வது இரண்டு ரோட்டர், ஒன்று 654 சீசீ, மொத்தம் 1,308. ரோட்டரின் முனைகளில் இருக்கிற அபெக்ஸ் சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் (உள்ளழுத்தம்) போய்விடும், வன்னியில் அதைத் திறந்து செய்கிற கை கிடைப்பது அரிது, உங்கள் யோசனை எனக்கு விளங்குகிறது. ஆனால் சீஆரில் என்ஜின் எண்ணும் கொள்ளளவும் இருக்கிறது, இரண்டுமே மாறப்போகிறது. திணைக்களத்தின் அனுமதி எடுத்து, பரிசோதித்து, சீஆரைத் திருத்த வேண்டும். விற்கிற கடைக்காரரிடம் பில்லும், அந்த என்ஜின் நாட்டுக்குள் வந்த சுங்கப் பேப்பரின் பிரதியும் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர், ஆகவே பெயர் மாறும்வரைக்கும் இதுவும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பிறகு விற்கிற எண்ணம் இருந்தால், முன்பக்கம் நொறுங்கிய கார், என்ஜின் மாறியது, எயார்பேக் வெடித்தது, மாற்றினேனா இல்லையா என்பதை எழுத்தில் சொல்லி விற்கவும். தெரிந்த குறையை மறைத்து விற்றால், இருக்கிறபடி விற்றேன் என்ற வசனம் உங்களைக் காப்பாற்றாது. இந்தக் காருக்கு முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் நடுத்தூண் கிடையாது, பின்கதவு எதிர்ப்பக்கம் திறக்கும், கதவோரப் பலம் குறைந்தால் உள்ளே இருப்பவருக்குத்தான் அடி. காப்புறுதி எடுக்கும்போதும் இதையெல்லாம் சொல்லுங்கள், சொல்லாமல் எடுத்த பொலிசி கிளெய்ம் நேரத்தில் கைவிட்டுவிடும்.

ஏ9இல் ஓட்டிப் பார்ப்பதா? வேண்டாம். வாகனத்துக்கு வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம் இல்லை, அது எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும், இரண்டும் இப்போது உங்களிடம் இல்லை. காப்புறுதி இல்லாமல் பொது வீதியில் ஏறுவதே குற்றம், யாரையாவது தட்டினால் நட்டஈடு முழுக்க உங்கள் தலையில். என்ஜினை முற்றத்தில் வைத்து ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள், திணைக்களத்துக்குக் கொண்டுபோகிற நாளில் லொறியில் ஏற்றிப் போங்கள்.