ரோமில் இலவச ஞாயிறு: முதலாவதா, கடைசியா?

மாதத்தின் முதல் ஞாயிறன்று ரோமில் இருக்கப்போவதால், வத்திக்கான் அருங்காட்சியகத்தை இலவசமாகப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இயலாது, அன்று அது மூடியிருக்கும். அந்த நாளைக் கொலோசியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு இலவசம் என்பது கொலோசியம் போன்ற அரசு இடங்களுக்கு இத்தாலிய அரசு செய்த ஏற்பாடு. வத்திக்கானோ தனி நாடு. அங்கே மாதத்தின் கடைசி ஞாயிறு காலை 9 முதல் பிற்பகல் 2 வரைதான் கட்டணமில்லை, 12.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். இரண்டும் ஒன்றென எண்ணியதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

பயணத்தைக் கடைசி ஞாயிறுக்குத் தள்ளுவதானால், முதலில் அருங்காட்சியகத்தின் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். அந்த ஞாயிறு ஈஸ்டரிலோ ஜூன் 29இலோ வந்தால் சலுகை கிடையாது. வரிசையும் மதிலோரமாக நெடுந்தூரம் நீளும்.

ஓவியமே நோக்கமென்றால், நவோனா சதுக்கத்தருகே சான் லூயிஜி தேவாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்களைக் கட்டணமின்றிக் காணலாம். பெட்டியில் நாணயம் போட்டால்தான் விளக்கெரியும். வேறு யாராவது போடட்டும் என்று காத்து நிற்பவர்களும் உண்டு.