ஆறு வாட்ஸ்அப் குழு இருந்தும் பாடச் சந்தேகத்துக்குப் பதில் இல்லையா?

வணக்கம் டீச்சர். ஒடுகத்தூர் பக்கம் நடுநிலைப்பள்ளியில் அறிவியலுக்கு நீங்கள் ஒருவர்தான், ஆறு குழுக்களில் கேட்டும் யாரும் பதில் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குழுக்கள் சுற்றறிக்கைக்கும், பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவுக்கும் ஆனவை. காலையில் கேட்ட கேள்வி மதியத்துக்குள் மேலே போய்விடும். அவற்றை மியூட்டில் போடுங்கள், வெளியேற வேண்டாம்.

உங்களுக்குத் தேவை நான்கைந்து பேர்தான். பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர், உங்கள் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் உயர்நிலைப்பள்ளியில் ஒருவர், வட்டாரப் பள்ளிகளுக்குப் பயிற்சியும் உதவியும் தரும் வட்டார வள மையத்தில் அறிவியல் பார்க்கும் ஆசிரியர் பயிற்றுநர். இதில் உயர்நிலைப்பள்ளிக்காரர் மிக முக்கியம். எட்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். இவர்களைப் பிடிக்க, சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் நல்ல இடம். கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள், தேநீர் நேரத்தில் பேசுங்கள்.

கேட்கும் விதமும் மாற வேண்டும். "மின்சுற்று எப்படி நடத்துவது?" என்றால் யாரும் தொட மாட்டார்கள். "ஏழாம் வகுப்பு. பல்பைத் தாண்டினால் மின்னோட்டம் குறையும் என்று பாதிப்பேர் தவறாக எழுதுகிறார்கள். இரண்டு பல்பைத் தொடராக இணைத்துக் காட்டியும் மாறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று, ஒரு நோட்டுப் பக்கத்தின் படத்தோடு அனுப்புங்கள். பிள்ளையின் பெயரை மறைத்துவிடுங்கள்.

பதில் வந்ததும் செய்து பார்த்து, சரிவந்ததா இல்லையா என்று அவருக்கே திரும்ப எழுதுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அதனால்தான் சொன்னவர் அடுத்த முறை பேசாமல் இருந்துவிடுகிறார்.