சானல்கரையில் ஓட்ட கிராவல் சைக்கிள் வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவில் கோட்டாறில் இருக்கிறேன். எடை 72 கிலோ. 32 மி.மீ. அகல டயரும் (700×32) வி-பிரேக்கும் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். கன்னியாகுமரி ரோட்டில் லாரிகளோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. தேரூர், சுசீந்திரம் குளங்கள், மணக்குடி உப்பளம் பக்கம் வயல்களுக்கு நடுவே ஓட்ட ஆசை. ஒருமுறை டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு பாசனச் சானல்கரையில் போனபோது, பின் டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்தது. மண், சரளைப் பாதைக்கென்றே வரும் அகல டயர் கிராவல் சைக்கிள் வாங்கித்தான் ஆகவேண்டுமா? எந்த மாதம், எந்த வழி?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் டயரை மாற்றிப் பாருங்கள். உங்கள் டியூபில் விழுந்தது முள் குத்திய ஓட்டை அல்ல. ஒல்லியான டயரில் காற்று குறைவாக இருக்கும்போது, கல்லின் விளிம்பிலோ கலுங்குச் சுவரின் முனையிலோ ஏறினால் டயர் நசுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்பும் டியூபைக் கடித்துவிடும். பாம்பு கொத்தியதுபோல இரட்டை ஓட்டை விழுவது அதனால்தான். மண்பாதை என்றால் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் குறைப்பதற்கு டயரில் இடம் வேண்டும். 32-இல் அந்த இடம் கிடையாது. உங்கள் எடைக்கு அதில் காற்றழுத்தத்தை முன்னே 52, பின்னே 58 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்காதீர்கள். 38 டயரில் முன்னே 38, பின்னே 44 போதும். முதுகுப் பையும் தண்ணீருமாகக் கூட 10 கிலோ ஏறினால் இரண்டிலும் 3 பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள்.

38 உங்கள் சைக்கிளில் ஏறுமா என்று பார்க்க ஒரு ஆலன் கீ செட் போதும். புது டயர் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. அகலும். அதற்குப் பிறகும் பக்கத்துக்கு 4 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். ஆக, இப்போதைய டயருக்கும் பிரேமுக்கும் நடுவே 8 மி.மீ. கீ தாராளமாக நுழைய வேண்டும். பின்சக்கரத்தில் பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாய்களும் நெருங்கி வரும் இடத்திலும், முன்னே போர்க்கின் இரண்டு காலுக்கு நடுவிலும் பாருங்கள். உயரத்தையும் மறக்கக் கூடாது. டயரின் உச்சி 6 மி.மீ. வரை உயரும் என்பதால் மேலே 10 மி.மீ. வேண்டும். மட்கார்டு இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதலில் முட்டும். 38 ஏறவில்லையா, 35 போடுங்கள். காற்று முன்னே 44, பின்னே 50. அதுவும் ஏறாத பிரேம் என்றால்தான் வேறு சைக்கிளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டயரின் நடுவரை வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் பல்லாகவும் இருப்பதை வாங்குங்கள். முழுக்க மண்பாதை என்று நம் மாவட்டத்தில் ஒரு சுற்று அமையாது. சானல்கரையில் இரண்டு கிலோமீட்டர், அப்புறம் ஊருக்குள் கான்கிரீட், மறுபடி குளத்தங்கரை, பிறகு தார் என்று மாறிமாறித்தான் வரும். முழுப்பல் டயர் போட்டால் பாதி நேரம் தாரில் இரைச்சலோடு இழுபட வேண்டியிருக்கும். டியூபையும் 35–43 அளவுக்கு மாற்றிவிடுங்கள். பழைய 28–32 டியூப் பெரிய டயருக்குள் இழுபட்டு மெலிந்து சீக்கிரம் கிழியும்.

முள் வேறு பிரச்சினை. உப்பளப் பக்கம் உடைமுள் கிடக்கும். அதற்கு டியூபுக்குள் சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றலாம். 38 டயருக்கு 60 மில்லி கணக்கு. ஆனால் நம் வெயிலுக்கு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். ஊசி மாதிரி ஒல்லியான வால்வு உள்ள டியூப் என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப்புறக் கடைப் பம்ப் சாதா சைக்கிளின் வால்டியூப் வால்வுக்கானது, பெட்ரோல் பங்குக் குழாய் பைக் வால்வுக்கானது. இரண்டுமே உங்கள் வால்வில் பிடிக்காது. பத்து, இருபது ரூபாய்ப் பொருளை மறந்ததால் தேங்கம்புதூரிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வர வேண்டாம்.

இனி வழி. கோட்டாறிலிருந்து பறக்கைக்கு ஊர்வழியே இறங்குங்கள். பறக்கை குளத்தங்கரை, வயல் ஓரப் பாதைகள், தேங்கம்புதூர், புத்தளம், மேலமணக்குடி. அங்கே பழையாறு கடலில் சேரும் காயலைப் பாலத்தில் கடந்து கீழமணக்குடி. பிறகு வடக்கே திரும்பி உப்பளங்களை ஒட்டிச் சாமிதோப்பு, தாமரைகுளம் வழியாகச் சுசீந்திரம். இதே சுற்றைச் சுசீந்திரத்தில் தொடங்கிப் பறக்கை வழியாகப் போய் அங்கேயே முடித்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. வண்டி ஓட்டம் அதிகம் இருப்பது மணக்குடிப் பாலத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில்தான். தேரூர் வேண்டுமென்றால் சுசீந்திரத்தில் கன்னியாகுமரி ரோட்டைக் குறுக்கே கடந்து வடக்கே போக வேண்டும். அதைக் காலை ஆறரைக்கு முன் கடந்துவிடுங்கள். ரோட்டின் ஓரமாகவே கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தப்பிக்க நினைப்பதே அந்தக் கொஞ்ச தூரத்திலிருந்துதான்.

சுசீந்திரம், தேரூர் குளங்களும் வெம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் எனும் உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தவை. சுசீந்திரம், தேரூர், மணக்குடி சேர்ந்த பகுதி 2015 முதல் பாதுகாப்புக் காப்பகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடாவும் வலசை வாத்துகளும் கரைக்கு வெகு அருகிலேயே இருக்கும். நின்று பார்ப்பதானால் பறவைக்கு எதிரே நிற்காமல், தாண்டிப் போய் மரத்தடியில் நில்லுங்கள். தலை தூக்கி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன என்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

உப்பளத்தில் ஒரு கட்டுப்பாடு. லாரித் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பு களிமண்ணை மிதித்துக் கட்டியது. சைக்கிள் சக்கரம் அதன் விளிம்பை உடைத்தால் ஒரு பாத்தி உப்புநீர் இன்னொன்றில் கலந்து, பல நாள் வேலை கெடும். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி, பிப்ரவரிக்கு இணை இல்லை. வடகிழக்கு மழை ஓய்ந்து கரை இறுகியிருக்கும், கும்பப்பூ நெற்கதிர் முற்றி நிற்கும். பிப்ரவரி கடைசியில் அறுவடை தொடங்கிவிட்டால் ரோட்டில் வைக்கோல் கிடக்கும். ஒரு பிடி வைக்கோல் பின்கியரில் சுற்றினால் சங்கிலி நகராது. பின்னால் மிதித்து எடுக்கப் பார்க்காமல் இறங்கிக் கையால் உருவுங்கள். காயப்போட்ட நெல்லின்மேல் ஏற்றக் கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சிப்பாறை அணையை வழக்கமாகப் பிப்ரவரி இறுதியில் அடைத்து ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். நடுவே சானல் வறண்டிருப்பதால் பாதை நன்றாக இருக்கும் என்று தோன்றும். தூர்வாருவதும் அந்த மாதங்களில்தான். வாரிய சகதியை அப்படியே கரையில் குவித்துவிடுவார்கள். காய்ந்தபின் அது முழங்கால் உயரக் கட்டியும் பள்ளமுமாகக் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சானல்கரையை விட்டுவிட்டுக் குளத்தங்கரைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நொங்கும் அக்கானியும் (பதநீர்) கிடைக்கும் காலம் என்பது ஓர் ஆறுதல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கிழக்குப் பாதியில் மழை அவ்வளவாக இருக்காது, காற்றுதான் எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று, மறைப்பில்லாத வயல்வெளியில் உங்கள் நெஞ்சில் அறையும். அந்த மாதங்களில் எந்தச் சுற்றானாலும் முதல் பாதியை மேற்கு நோக்கி வையுங்கள். வெயிலேறக் காற்றும் ஏறும். அதற்குள் உங்கள் முதுகு காற்றுக்குத் திரும்பியிருக்க வேண்டும். தோவாளைச் சானல், பூதப்பாண்டிப் பக்கம் போக நினைத்தால் இந்த நான்கு மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நல்ல மழை பெய்தால் மூன்று நாள் கழித்துப் போங்கள். குளம் மறுகால் பாய்ந்து பாதையைக் கடக்கும் இடங்களில், தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடினால் திரும்பிவிடுங்கள். அடியில் கரை அரித்திருப்பது தெரியாது. மணக்குடியில் பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்) மணலால் அடைபட்டிருந்தால் மழையே இல்லாமலும் காயல் தண்ணீர் பின்னோக்கி ஏறித் தாழ்ந்த கரைகளை மூடும்.

வயல் களிமண் செம்மண்ணைப் போல உதிராது. டயரில் அப்பி, பிரேக் அடியிலும் பின்குழாய்களுக்கு நடுவிலும் அடைத்துக்கொண்டு சக்கரத்தை நிறுத்தும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்: பலம் கொடுத்து மிதிக்கிறார்கள். சேறு இழுத்த பின்கியர் உள்ளே மடங்கி, அதைத் தாங்கும் அலுமினிய ஹேங்கர் முறியும். சில நேரம் சக்கரக் கம்பிகளும் சேர்ந்து போகும். சக்கரம் கனத்ததுமே இறங்கி, உருட்டாமல் தூக்கிக்கொண்டு, புல் இருக்கும் இடத்துக்குப் போய்க் குச்சியால் சுரண்டுங்கள். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும். உங்கள் மாடலுக்கு உரியதை இப்போதே ஒன்று வாங்கி சீட்டுப் பையில் வையுங்கள். உடைந்தபின் தேடினால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். வி-பிரேக் கட்டைகளில் ஒட்டிய மணலையும் வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுங்கள். விட்டால் அது அரம்போல ரிம்மை ராவும்.

மணக்குடி போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். பைக் வாஷ் பீய்ச்சி வேண்டாம்; அது உப்பைப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். வாளியும் ஸ்பாஞ்சும் போதும். சங்கிலியைத் துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஆணியிலிருந்து ஆணிக்கு 24 கண்ணி அளந்து பாருங்கள். புதுச் சங்கிலியில் அது 304.8 மி.மீ.; 306.3-ஐத் தொட்டால் மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பின்பல் சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். சீட்டுக் கம்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். உங்கள் பிரேம் இரும்பாகவும் கம்பி அலுமினியமாகவும் இருந்தால் உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.