மார்கழியில் வண்டி நிறைய மண்பானை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றால் கட்டுப்படியாகுமா?

மண்பாண்டம் செய்யப் பழகியிருக்கிறேன், பனிக்காலத்தில் வாடகை வண்டி பிடித்து ஊர் ஊராகப் போய் விற்கலாமா, வழியில் எவ்வளவு உடையும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் மானாமதுரை. அப்பா பானை வனைவார், நான் கொண்டுபோய் விற்பேன். 12 வருடமாக மார்கழி என்றால் எனக்கு ரோடுதான்.

உடைவதை நினைத்துப் பயப்படாதீர்கள். ஒரு லோடுக்கு ஏழெட்டு போகும். அதுவும் ஓட்டத்தில் இல்லை, ஏற்றி இறக்கும்போதுதான். கையைக் கடிப்பது விற்காமல் திரும்பி வரும் பானை. பொங்கல் பானைக்கு நாள் குறித்தாகிவிட்டது. தை முதல் நாள் காலை பத்து மணிக்கு மேல் அதைத் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. போன அதே டீசல் செலவில், அதே வைக்கோலைச் சுற்றி, அதைத் திரும்பவும் கொண்டுவர வேண்டும்.

சரி, அப்படியானால் முன்கூட்டியே கிளம்பலாமே என்பீர்கள். முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது பானைக்கு அடியே கிடையாது. வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரத்தில் வரும். சற்று இறுகியபின் உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். ஈரமாக இருக்கும்போது தட்டினால் மண் பலகையோடு ஒட்டி வரும், காய்ந்தபின் தட்டினால் விரியும். வெயில் நாளில் சில மணி நேரத்தில் வரும் அந்தப் பதம், மழை நாளில் இரண்டு நாளானாலும் வராது. பொறுமையில்லாமல் அரை ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளே ஆவி கிளம்பி வெடிக்கும், பக்கத்துப் பானையையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் கார்த்திகையில் அகல் விளக்கு மட்டும்தான் வண்டியேறும். பானை ஏறுவது மார்கழி பிறந்த பிறகு. கையில் இருப்பது நான்கு வாரம்.

வண்டி டாடா ஏஸ், குட்டி யானை. 250 பானை பிடிக்கும், பெரியதுக்குள் சின்னதை வைத்தால் இன்னும் கொஞ்சம். அடியில் ஒரு முழம் வைக்கோல். எங்கேயும் விரல் நுழைய இடம் இருக்கக் கூடாது. ஒரு பானை அசைந்தால் அது பக்கத்தில் உள்ளதை இடிக்கும். புதிதாக வரும் பையன்கள் உடைந்துவிடுமோ என்று தள்ளித் தள்ளி அடுக்குவார்கள். அந்த லோடு முதல் வேகத்தடையிலேயே சத்தம் கொடுக்கும்.

எங்கள் வழி சிவகங்கை, திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை. மானாமதுரையில் முடிகிற 36-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே அதுதான், ஊரிலிருந்து வண்டியைத் திருப்பினால் போதும். பெரிய ஊர் பஜாரில் நிற்பதைவிட, கிளைச் சாலையில் இறங்கிக் கிராமத்து மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், நிறுத்தினால் யாவாரம் நன்றாக இருக்கும். அங்கே லிட்டர் கணக்கு கேட்க மாட்டார்கள். "படி அரிசி பிடிக்குமா, ரெண்டு படியா?" என்பார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு ஒன்று, வெண்பொங்கலுக்கு ஒன்று என்று ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஒற்றைப் பானையாக யாராவது கேட்டால் இன்னொன்று வீட்டில் பித்தளையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பனி ஒரு தனித் தொல்லை. வண்டியிலேயே தூங்குவோம், பெரும்பாலும் பெட்ரோல் பங்க் ஓரமாக. நாலு மணிக்குக் கோயில் மைக்செட் எழுப்பிவிடும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அதன் உள்பக்கமே வேர்த்து, மேல் வரிசைப் பானையெல்லாம் நிறம் கறுத்து நனைந்திருக்கும். நனைந்த பானை கெட்டுப்போகாது. ஆனால் தட்டினால் கணீரென்று சொல்லாது, பொத்தென்று சொல்லும். வாங்க வருகிறவர்கள் பார்ப்பதே அந்த ஒன்றைத்தான். ஒரு அப்பத்தா வலது கை நடுவிரலை மடக்கி ஆறு பானையைத் தட்டிவிட்டு, "ஏன்டா தம்பி, எல்லாம் விரிசப் பானையா கொண்டாந்துருக்க?" என்றார். "பனியில நனைஞ்சிருக்கு அப்பத்தா, வெயில் ஏறட்டும்" என்று சொன்னால் நம்புவாரா? பத்து மணிக்கு மேல் திரும்ப வந்து அதே ஆறையும் தட்டிப் பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து தார்ப்பாய்க்குக் கீழே ஒரு அடுக்கு வைக்கோல் போடுகிறேன். எட்டு மணிக்கு முன்னால் கடை விரிப்பதும் இல்லை.

மானாமதுரைக் கடமும் இதே மார்கழியில் சென்னைக் கச்சேரி மேடைகளில் இருக்கும். அதை வாங்க வருகிறவர்களும் தட்டித்தான் பார்ப்பார்கள், ஆனால் சுருதிக்காக. 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அட்டையில் எழுதி வண்டியில் கட்டிப் பார்த்தேன். மந்தையில் ஒருவரும் அட்டையைப் படிக்கவில்லை, நேரே பானையிடம் போய்த் தட்டினார்கள்.

அடி வாங்கியது 2021-ல். அந்த வருடம் பொங்கல் நெருக்கத்தில் தென்மாவட்டங்களில் மழை விடவே இல்லை. "வாசல்ல தண்ணி நிக்குது, அடுப்பை எங்க போடுறது?" என்று கேட்டார்கள். நியாயம்தானே. உருண்டை அடிப் பானை கேஸ் அடுப்பில் நிற்காது, ஆடும். போகி அன்று சாயங்காலம் 90 பானையோடு திரும்பினேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் அதைவிட மோசம். மாசி, பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கல் வைக்கும் ஊர்களைத் தேடிப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். இப்போது எந்த ஊரில் எப்போது காப்புக் கட்டு என்று ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்வது பூந்தொட்டி, மணி, தொங்கட்டான் மாதிரி என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு நாள் கிடையாது, மந்தையிலும் ஆள் கிடையாது. கண்காட்சிப் பக்கம் போங்கள்.

கடைசியாக ஒன்று. கிளம்பும் முன்பே உங்கள் வீட்டுக்கு இரண்டு பானை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு வருடம் நல்ல யாவாரம், வண்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. சந்தோஷமாக ராத்திரி வந்து இறங்கினால், வீட்டிலும் இல்லை. பானைக்காரன் வீட்டில் பொங்கலுக்குப் பானை இல்லை! சூளை ஓரம் கழித்துப் போட்டிருந்ததில் தேடியபோது விரிசல் இல்லாத ஒன்றுதான் கிடைத்தது, வாய் ஒரு பக்கம் கோணல். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்பார்கள். அப்பா பானையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோணல் பக்கத்தைக் கிழக்கே திருப்பி அடுப்பில் வைத்தார்.