ஓடுகிற பிள்ளைக்கு ரேகைச் சோதனை எதற்கு?

திருநெல்வேலி பெருமாள்புரத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு இரண்டே கால் வயது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பிளே ஸ்கூலில் விடுகிறோம். 'ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கான், ஓடிக்கிட்டே இருக்கான், இப்படியே போனா மூளை வளர்ச்சி பாதிக்கும்' என்கிறார் மிஸ். விரல்ரேகையை வைத்து மூளையைச் சோதிக்க ஒருவர் வருகிறாராம். ஆறாயிரம் ரூபாய். எடுக்கலாமா?"

எடுக்க வேண்டாம்.

இரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தே இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். இந்த வயதில் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் அடைத்து வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. நடப்பது, குனிவது, காலி வாளியை இழுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஓடினால் அறிவு கூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுத் தார்சாப் படியில் ஏறும் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்தக் காலை முதலில் வைப்பது, கையிலிருக்கும் செம்பை என்ன செய்வது என்று அவனே முடிவெடுக்கிறான். விழுந்தால் வேறு மாதிரி ஏறிப் பார்க்கிறான். 'மேலே', 'கீழே', 'பின்னாடி' எல்லாம், ஆச்சி கூடவே 'ஏறு, இறங்கு, மெதுவா' என்று சொல்லிக்கொண்டு வருவதில் ஒட்டிக்கொள்கிற சொற்கள். படம் போட்ட அட்டையை நீட்டி இதைச் சொல்லித்தர முடியாது.

இனி ரேகைக்காரர். விரல்ரேகை தாய் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. மூளையோ பிறந்த பிறகும் நாளும் மாறுகிறது. ஒன்றை வைத்து மற்றொன்றை அளக்கும் அறிவியல் கிடையாது. லேப்டாப், சின்ன ஸ்கேனர், வண்ண வண்ணமாய் முப்பது பக்க ரிப்போர்ட், அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒரு தாய் தன் இரு பிள்ளைகளின் ரிப்போர்ட்டையும் காட்டினார். பெயரை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே அடித்திருந்தார்கள். இதோடு விடவும் மாட்டார்கள். அடுத்து நினைவாற்றல் கோர்ஸ், அதற்கடுத்து மூளைப் பயிற்சி. நடுவில் பள்ளிக்கும் ஒரு பங்கு போகும். பயமுறுத்துகிறவரே மருந்தும் விற்றால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மிஸ் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 'ஓடுகிறான்' என்பதோடு 'கூப்பிட்டால் திரும்புவதில்லை' என்றும் சொன்னால் அது வேறு சங்கதி. காது சரியாகக் கேட்காத பிள்ளையையும் நம் ஊரில் 'சேட்டைக்காரன்' என்றே சொல்லி வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். நீங்கள் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்களானால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். பிறவிக் காது கேளாமைக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். பின்னாலிருந்து, அவன் உங்கள் முகத்தைப் பார்க்காதபோது, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கதவைத் தட்டிச் சோதிக்காதீர்கள், அதிர்வுக்கே திரும்பிவிடுவான். சந்தேகம் இருந்தால் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, 'பெரா' சோதனை (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலைக் கருவியில் அளப்பது) வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறந்தபோது எடுத்த காதுச் சோதனை சரியாக இருந்தது என்று இருந்துவிட வேண்டாம், கேட்கும் திறன் பிறகும் குறையலாம்.

பள்ளிக்கு ஒருநாள் காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போங்கள். பிள்ளைகள் டிவி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தால் வேறு இடம் பார்க்கலாம். சித்திரை வெயிலில் மைதானம் வேண்டாம். நிழலும் நாலு படியும் கொஞ்சம் மணலும் போதும். அங்கன்வாடியைத் தாழ்வாக நினைக்காதீர்கள், 2 வயதிலிருந்தே சேர்க்கலாம். ஆனால் 1975-இல் தொடங்கிய இந்த அங்கன்வாடித் திட்டத்தில் இன்றைக்கு அங்கே வேலை பார்க்கும் அக்காவின் கையில் எடை நோட்டு, செல்போன் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை என்று எல்லாம் இருக்கிறது. பிள்ளையோடு பந்து உருட்ட அவருக்கு எப்போது நேரம் என்று மேலே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முன்பணம் கட்டிவிட்டீர்களானால் ரசீது கேளுங்கள். அதில் பள்ளியின் பெயர் இருக்கிறதா, ரேகைக்காரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ரசீதே இருக்காது.