பனிமனிதனும் ஒரு ஸ்கார்ஃபும்

வணக்கம் ஐயா,

போன வாரம் என் ஏழு வயது மகளுக்கு 'தி ஸ்னோமேன்' படத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசியில் பனிமனிதன் உருகிக் கிடப்பதைப் பார்த்து ஒரே அழுகை. சமாதானப்படுத்தலாம் என்று புத்தகத்தை வாங்கினால், அதில் கிறிஸ்துமஸ் தாத்தாவே இல்லை. சுருக்கிய பதிப்பை என் தலையில் கட்டிவிட்டார்களா? குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கதையை இப்படி அழவைத்து முடிக்கலாமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கையில் இருப்பது முழுப் புத்தகம்தான். ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வரைந்த கதையில் கிறிஸ்துமஸே கிடையாது. பனி பெய்கிறது, ஒரு பையன் பனிமனிதன் செய்கிறான், ராத்திரி அதற்கு உயிர் வருகிறது. இருவரும் பறந்துபோய் இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் கடல் மேடையில் நின்று விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். காலையில் பனிமனிதன் இல்லை.

இதற்கு முந்தைய புத்தகத்தில் சேற்றிலும் அழுக்கிலும் வாழும் பூதங்களைப் பற்றி வரைந்தும் எழுதியும் பிரிக்ஸ் சலித்துப் போயிருந்தார். சுத்தமாக, வார்த்தையே இல்லாமல் ஒன்று செய்யலாம் என்று கலர் பென்சிலை எடுத்தார்.

1982இல் பிரிட்டனின் சேனல் 4 தொடங்கிய சில வாரங்களில், டிசம்பர் 26 அன்று படம் ஒளிபரப்பானது. இயக்கியவர் டயான் ஜாக்சன். இந்தச் சின்னப் புத்தகத்தை 26 நிமிடத்துக்கு நீட்ட வேண்டியிருந்தது. பிரைட்டனோடு நின்ற பயணம் வடதுருவம் வரை போனது. தாத்தா வந்தார், விருந்து வந்தது, பெயரில்லாத பையன் ஜேம்ஸ் ஆனான். பிரிக்ஸுக்குக் கிறிஸ்துமஸை இழுத்து வந்தது செயற்கையாகப் பட்டது; ஆனாலும் படத்தில் அது நன்றாக அமைந்துவிட்டதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். எனக்கும் அதே எண்ணம்தான். பென்சில் கோடுகளின் நடுக்கத்தைக்கூட அப்படியே திரைக்குக் கொண்டுவந்தவர்கள் மீது எப்படிக் கோபப்படுவது? (பறக்கும் காட்சியில் வரும் பாட்டை ஆலெட் ஜோன்ஸ் பாடினார் என்று நிறையப் பேர் சொல்வார்கள். படத்தில் பாடிய சிறுவன் பீட்டர் ஆட்டி. ஜோன்ஸின் இசைத்தட்டு 1985இல்தான் பிரபலமானது.)

நீட்டுவதெல்லாம் குற்றமில்லை. அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957இல் எழுதிய, கிறிஸ்துமஸைத் திருடப் பார்க்கும் கிரிஞ்சின் கதையை 1966இல் சக் ஜோன்ஸ் அரைமணி நேரத் தொலைக்காட்சிப் படமாக்கினார். புத்தகத்தில் கறுப்பு வெள்ளையாக இருந்த கிரிஞ்சுக்குப் பச்சை நிறம் கொடுத்ததே அவர்தான். இன்று பச்சை இல்லாத கிரிஞ்சை யாருக்கும் தெரியாது. 2000இல் வந்த முழுநீளப் படமோ, அவன் ஏன் கெட்டவனானான் என்று பள்ளிக்கூடக் காலத்து அவமானத்தையெல்லாம் தோண்டி எடுத்தது. சூஸ் ஒருவேளை இதயம் ரொம்பச் சின்னதாக இருந்திருக்கும் என்று ஒரு வரியில் கடந்துபோன இடம் அது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, அழுகை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கும் படத்தில் சேர்த்த ஒரு பொருள்தான் காரணம் என்று நினைக்கிறேன். புத்தகத்தின் கடைசிப் படத்தில் பையன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். எதிரே ஒரு சின்னக் குவியல், தொப்பி, ஸ்கார்ஃப். நடந்தது கனவாகவும் இருக்கலாம். படத்தில் பையன் பைக்குள் கைவிடுகிறான். வடதுருவத்தில் தாத்தா கொடுத்த வேறொரு ஸ்கார்ஃப் கையில் வருகிறது. அப்படியானால் எல்லாம் நிஜமாகவே நடந்திருக்கிறது. பனிமனிதன் போனதும் நிஜம். உங்கள் மகள் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறாள்.

பிரிக்ஸின் அப்பா, அம்மா இருவரும் 1971இல் இறந்தார்கள், மனைவி 1973இல். பனிமனிதனை உருகாமல் வைத்திருக்க அவருக்கு மனம் வந்திருக்காது. வடதுருவம் வரை நீட்டியவர்களும் அந்த முடிவில் கைவைக்கவில்லை. அதற்காகவே தாத்தாவை நான் மன்னித்துவிட்டேன்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. என் அண்ணன் மகள் அழவில்லை, கோபப்பட்டாள். படத்தின் நடுவில் பனிமனிதன் வீட்டு ஃப்ரீசருக்குள் சுகமாகப் படுத்துக்கொள்வான் இல்லையா? "அங்கேயே இருந்திருக்கலாம்ல சித்தப்பா, யாரு வெளிய வரச் சொன்னது?" என்றாள். நான் படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.